ஆடாத முள்

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் பாய்ந்து, உடனே கீழே விழுந்தது. பொன்னுரங்கம் சட்டை செய்யவில்லை. ஆறு மாதமாகவே அந்தப் பழைய பிக்கப் வண்டியின் முட்களுக்குப் பேய் பிடித்திருந்தது. ஹாரன் அடித்தால் டீசல் முள் துள்ளும். விளக்கைப் போட்டால் எல்லாம் சேர்ந்து ஆடும்.

"அது பொய் சொல்லுது, வுடு" என்றான், பக்கத்தில் இருந்த மனைவி செல்லக்கிளியிடம்.

மலைக்கோயிலில் அவர்கள் குழந்தைக்கு மொட்டை. தாய்மாமன் தோளில் குழந்தையும், சுற்றிப் பதினோரு உறவுக்காரர்களுமாக வண்டியின் பின்தட்டில் பாடிக்கொண்டு வந்தார்கள். இந்த ஏற்றத்தில் நின்றுவிட்டால் கைப்பிரேக் தாங்காது. சமதளத்துக்கு இன்னும் மூன்று வளைவுகள் இருந்தன.

செல்லக்கிளி குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டாள். எர்த் வயர் கழன்றிருக்கிறது, அது இரும்பில் பட்டால் முட்கள் அடங்கி உள்ளதைக் காட்டும் என்று மெக்கானிக் சொன்னதை அவள் மறக்கவில்லை. தொங்கிய வயரின் நுனியை ஒரு திருகின் தலையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இப்பப் பாருங்க."

முட்கள் ஒவ்வொன்றாக ஆட்டத்தை நிறுத்தின. டீசல் முள் பாதியில் நின்றது. சூடு காட்டும் முள் மெல்ல ஏறிச் சிவப்புக்குள் நுழைந்து, அங்கேயே நின்றது. பின்னால் பாட்டும் கைதட்டலும் ஓங்கின.

பொன்னுரங்கம் முள்ளையும் எதிரே நின்ற ஏற்றத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கைய எடு கிளி."

"ஏனுங்க…"

"எடுன்னா எடு."

கட்டைவிரலில் திருகு பதிய, அவள் இன்னும் அழுத்தினாள்.