குரோஷாப் பரீட்சை

"பிச்சிப்பூவா கட்டறே? கால் கட்டைவிரல்லேர்ந்து நூலை எடுடீ!"

அக்கா விஜயம் அதட்டியதும் மங்கலம் அசட்டுச் சிரிப்போடு காலை மடக்கிக்கொண்டாள். கையில் கொக்கி முனை வைத்த குரோஷா ஊசி. மடியில், யுத்த காலத் தட்டுப்பாட்டில் சாலைக் கடைத்தெரு முழுக்க அலைந்து வாங்கிய வெள்ளை நூல்கண்டு. மறுநாள் கரமனையில் பெண் பார்க்கும் வைபவம். அதற்குள் கைக்குட்டை ஓரத்துக்கு ஒரு லேஸாவது பின்னத் தெரிந்தாக வேண்டும்.

விஜயம் மிஷன் பள்ளியில் ராகேல் டீச்சரிடம் முறையாகக் கற்றவள். கண்டிப்பும் அங்கிருந்தே வந்தது.

"நூலைச் சுண்டுவிரல்ல ஒரு சுத்து சுத்து. அப்படியே ஆள்காட்டி விரல் மேலே கொண்டு வா. ஊசியைப் பேனா மாதிரி பிடி."

"பிடிச்சாச்சு, அக்கா."

"கரண்டி மாதிரின்னா பிடிச்சிருக்கே!"

மங்கலம் முதல் வரிக்கான சங்கிலிப் பின்னலைப் போட்டாள். பூக்கட்டியே பழகின கை, ஒவ்வொரு கண்ணியையும் முடிச்சாக இறுக்கித் தள்ளியது. அடுத்த வரிக்கு ஊசி நுழையவே மாட்டேன் என்றது.

"முதல் சங்கிலி தளர்வா இருக்கணும். அதை மட்டும் இந்தத் தடி ஊசியால போடு. அப்புறம் சின்ன ஊசிக்கு மாறிக்கோ."

தடி ஊசி காப்பாற்றியது. ஆனால் சில வரிகள் போவதற்குள் பின்னல் குறுகி மாவிலை மாதிரி ஆகிவிட்டது.

"வரிக்கு வரி கடைசிக் கண்ணியை விட்டுடறே. முடிஞ்சதும் எண்ணிப் பாத்துட்டுத் திரும்பு."

மங்கலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்த இடம் தட்டிப்போயிடுமோன்னு பயமா இருக்கு. இப்படி ஒரு குடும்பம் வேற கிடைக்காது, அக்கா."

"குரோஷால நான் புலியாக்கும்னு தரகர்கிட்ட உன்னை யார் அளக்கச் சொன்னா?"

"வாய் தவறிடுத்து. அந்தாத்துச் சரோஜம் காலேஜ்ல படிக்கறவ. 'அப்படியா, நேர்ல போட்டுக் காட்டட்டும்'னு சொல்லி அனுப்பிட்டாளே!"

விஜயத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஸாரமில்லை, போனாப் போறது. உருவிட்டு மறுபடி ஆரம்பி. குரோஷால அது ஒரு சௌகரியம். எத்தனை தரம் பிரிச்சாலும் நூல் அப்படியே இருக்கும்."

பிரித்தாள், போட்டாள், மறுபடி பிரித்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு துண்டு லேஸ் கோணாமல் வந்தது. அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் கரமனை வீட்டுக் கூடத்தில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆயிற்று. சரோஜம் சொன்னபடியே ஊசிகளையும் நூலையும் கொண்டுவந்து வைத்தாள். கூடமே வேடிக்கை பார்த்தது.

பட்டுப்புடவை சரசரக்க மங்கலம் உட்கார்ந்தாள். உதடு மட்டும் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டு வரி முடித்து நீட்டினாள்.

சரோஜம் அதை வாங்கி ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பியும் பார்த்தாள்.

சரோஜத்தின் முகம் மலர்ந்தது. "மாமியாரை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அப்பா. இனிமே திண்ணையில உக்காந்திருக்கற இவாளோட பிள்ளையை உள்ளே கூப்பிடுங்கோ, பாக்கலாம்!"