பெருக்கிப் பார்த்த புகை

மாசு அளக்கும் அதிகாரி நடராஜுக்கு நாயும் ஆகாது, நாய்க்காக அழுகிறவர்களும் ஆகாது. செத்த வளர்ப்பு நாய்களை எரிக்க கங்கைகொண்டான் சாலையோரம் ஒரு கொட்டகை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்.

உள்ளே உட்கார்ந்த சற்று நேரத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சீ! நாய் கருகுற நாத்தம் குடலைப் புரட்டுது. ஏலே, நாய்க்குக் கொள்ளி ஒரு கேடா?"

காவலாள் இசக்கியப்பன் கைகட்டி நின்றான். "மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா கட்டுனது ஐயா."

"ஒரு நாய் எத்தனை கிலோ இருக்கும்?"

"இருபது இருக்கும்யா."

"மாசத்துக்கு எத்தனை?"

"முப்பது வரும்னு டாக்டரம்மா சொல்லுதாவ."

நடராஜ் கோப்பைத் திறந்து, ஒரு கிலோ எரித்தால் எவ்வளவு புகை வரும் என்ற பட்டியலில் ஓர் எண்ணைத் தேடிப் பிடித்தார்.

"புகைய அளக்கக் கருவி ஒண்ணும் வைக்க மாட்டியளா ஐயா?"

"மடப்பயலே! மொத்த எடையை இந்த எண்ணால பெருக்குனா புகை தானா வந்துரும். ஒனக்கு எங்க புரியப்போவுது!" இருமிக்கொண்டே பெருக்கி, இருமிக்கொண்டே கையெழுத்தும் போட்டார். "மூச்சு முட்டுது. மொதல்ல அந்த அடுப்ப அணைலே!"

"அடுப்ப இன்னும் பத்தவே வைக்கல ஐயா. வெள்ளிக்கிழமதான் தொறப்பு விழா."

நடராஜ் நிமிர்ந்தார். "அப்ப இந்தப் புகை?"

இசக்கியப்பன் வாசலைக் காட்டினான். "அணைச்சா மறுபடி கெளம்பாதுன்னு, ஒங்க டிரைவர் ஜீப்ப ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்காரு."

வாசலை அடைத்துக்கொண்டு கரும்புகை உள்ளே வந்துகொண்டிருந்தது.

"ஜீப்பு எத்தன கிலோ இருக்கும்யா?" என்றான் இசக்கியப்பன், பணிவாக. "பெருக்கிப் பாத்துருவோம்."