எடுத்தாச்சா?

"லீவுக்குப் போற இடத்துக்கும் அந்தப் பாறாங்கல்லா?" என்று என் கேமராப் பையைக் காலால் தள்ளினாள் மனைவி. "அதுல என் இஸ்திரிப்பெட்டியை வெச்சாலாவது கசங்காத துணி போட்டுக்கலாம்."

சீசன் முழுக்கக் கல்யாணங்களைப் படம் பிடித்து இற்றுப்போன தோள் எனக்கு. வாதாடத் தெம்பில்லை.

காலையில் பூட்டும் சாவியுமாக வாசலில் நின்றவள், "கேமராவை எடுத்தாச்சா?" என்றாள்.

"எடுத்தாச்சு."

நிம்மதியாகச் சிரித்தாள்.

மறுநாள் மலையேறக் கிளம்பும்போது அந்தப் பையை அவளே தோளில் மாட்டிக்கொண்டாள். எதுக்கு என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

மூச்சு வாங்க உச்சிக்குப் போனதும், பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் கோதிக்கொண்டு நின்றாள்.

"ம், எடுங்க."

"எதை?"

"ஊரார் பொண்டாட்டியையெல்லாம் விதவிதமா எடுக்கறீங்க. என்னை ஒரு போட்டோ எடுக்கக் கூடாதா? அந்த ஆசையிலதானே, கேமராவை எடுத்தாச்சான்னு வாசல்லயே கேட்டேன்!"

"பையிலேர்ந்து வெளியே எடுத்தாச்சான்னு கேக்கறேன்னு நெனச்சேன்," என்றபடி பையைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்தேன்.

இஸ்திரிப்பெட்டி.