காலியாக விட்டால் ஓடாது

“நான் சொல்றது ஒண்ணு, நீ செய்யறது ஒண்ணு! ஆறு வருஷமா இதே பாடுதான்!” ஹிஷாம் கத்திய கத்தலில் அந்த துனிஸ் அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது.

“சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?” என்று சீறினாள் அவன் மனைவி உல்ஃபா.

குடும்பச் சண்டை இல்லை, பயப்பட வேண்டாம். அந்த நிறுவனம் விற்கும் டெக்ஸ்ட் எடிட்டருக்குப் புரோகிராம் எழுதுபவள் உல்ஃபா. கையேடு எழுதுகிற மகானுபாவன் ஹிஷாம்.

எடிட்டரின் அமைப்புகளில் ‘ஷெல்’ என்கிற இடத்தைக் காலியாக விட்டால், கோப்புகளில் ஒளிந்திருக்கும் வெளிக்கட்டளை எதுவும் கம்ப்யூட்டரில் ஓடாது என்றது கையேடு. ஆனால் காலியாக விட்டாலும் எடிட்டர் அவற்றை ஜோராக ஓட்டியது. கையேட்டை நம்பிய ஸ்ஃபாக்ஸ் நகரத்து வாடிக்கையாளர் ஒருவர், யாரோ அனுப்பிய கோப்பைத் திறந்தார். அதிலிருந்த கட்டளை ஓடி, அவருடைய பத்து வருஷக் கோப்புகளைத் துடைத்துவிட்டது.

“தப்பு புரோகிராம்லதான், சி முந்திர்!” என்றான் ஹிஷாம். அந்த ஊரில் ‘சி’ என்றால் ‘ஐயா’.

“கையேட்டுலதான், சி முந்திர்!” என்றாள் உல்ஃபா.

முதலாளி முந்திர் மேசையில் ஓங்கித் தட்டினார். “யார் தப்போ எனக்கு வேணாம். நாளைக்குக் காலைல அந்த ஆளு நேர்லயே வர்றாரு. ரெண்டும் ஒத்துப்போகணும். இல்லேன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குக் கிளம்புங்க!”

இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனால் என்ன செய்வது? ஹிஷாம் வீட்டு வாடகையைக் கணக்குப் போட்டுப் பார்த்தான்.

மாலையில் கிளம்பும்போது, “வர்றியா?” என்றான்.

“நீ போ. எனக்கு இன்னும் ஒரு மணி நேர வேலை இருக்கு.”

அதன்பிறகு வீட்டில் ஒரு பேச்சும் இல்லை. ஆனால் காலையில் உல்ஃபா எதையோ முணுமுணுத்துப் பாடியபடி காபி கொடுத்தாள். ஹிஷாமும் தான் ராத்திரி செய்த காரியத்தைச் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்ததை நாலு பேர் முன்னால் சொன்னால்தானே மதிப்பு!

பத்து மணிக்கு வாடிக்கையாளர் வந்தார். புதிய எடிட்டரைத் திறந்து, ‘ஷெல்’லைக் காலியாக்கிவிட்டு, கையேட்டைக் கையில் எடுத்தார்.

ஹிஷாம் பெருமையாகத் தொண்டையைக் கனைத்தான். “வீட்டுக்காரிக்காக நானே இறங்கி வந்துட்டேன், சி முந்திர். காலியா விட்டாலும் கட்டளை ஓடும்னு கையேட்டைத் திருத்திட்டேன்.”

உல்ஃபாவின் முகம் வெளுத்தது.

“அடப்பாவி, ஓடாதபடி நான் புரோகிராமைத் திருத்திட்டேனே!”