நானே வைத்த சிப்

மலையடிவார ரிப்பேர் கடையில், கடைக்காரன் வளவனின் கையை மேசைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் மைத்துனன் ராஜவேலு சுத்தியலை இறக்கினான். இரண்டு விரல்கள் நசுங்கின.

"கேம் பொட்டிய நோண்டி வெச்சியேடா! சுச்சு போட்ட எங்க அக்கா ஷாக்கடிச்சு செத்துட்டாடா!"

"நான் பிரிக்கவே இல்லண்ணே! உங்க பாவாவக் கேளுங்க!"

"சொல்லுங்க பாவா, இவன்தானே?" ராஜவேலு என் பக்கம் திரும்பினான்.

"ஆங்" என்றேன்.

சுத்தியல் மறுபடி இறங்கியது. வளவன் என்னையே பார்த்து அலறினான்.

காப்பியடித்த சிடி ஓடுவதற்குச் சிப் வைக்கச் சொல்லிப் போன வாரம் வளவனிடம் பெட்டியைக் கொடுத்திருந்தேன். "இந்த மாடல்ல வெச்சா பாடில கரண்டு வரும் சார், வாணாம்" என்று பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தான்.

"என் பெட்டி, நான் பிரிப்பேன்" என்றேன். அரக்கோணத்தில் சிப் வாங்கி, வீட்டில் நானே வைத்தேன். என் மனைவி பிரபாவதிதான் டார்ச் பிடித்தாள்.