பிறப்புப் பதிவு கேட்டு வந்தவர்

தையல்காரிக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மூன்றாவது தங்கியிருப்பதைக் கணவனிடம்கூடச் சொல்லப் பயந்தாள். மனசைத் திசைதிருப்ப, வீட்டுப் பத்திரத்தில் பெயர் மட்டும் மிஞ்சியிருந்த பாட்டனுக்குப் பாட்டனைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஏர் பிடித்தவர்.

அவர் பெயரையும் அவள் பெயரையும் கேட்டதும் எழுத்தர் நிமிர்ந்தார்.

"இதே பேர்ல போன வாரம் ஒருத்தர் வந்தாரும்மா. காலெல்லாம் வயல் சேறு. உங்க மகளோட பிறப்புப் பதிவைக் கேட்டாரு."

"எனக்குக் குழந்தையே இல்லையே, சார்."

"பதிவு இல்லன்னுதான் நானும் சொன்னேன். 'அடடா, ஆசையில முந்திக்கிட்டு வந்துட்டேன். அறுவடை முடிச்சுட்டு வர்றேன்'னு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு."

தையல்காரி வாசல் படியிலேயே நின்று கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நமக்குப் பொண்ணு பொறக்கப் போகுது."