ஈர விரிப்பின் மறுபுறம்

மழை விட்ட ஜூன் மாதக் காலை. ஹெஸ்டர் படுக்கை விரிப்பை உதறிக் கொடியில் போடுகிறாள். நடைபாதையின் இருபுறமும் அம்மா வைத்த செடிகள் தரையோடு படர்ந்து, ஓரம் கத்தரித்தாற்போன்ற இளஞ்சிவப்புப் பூக்களைச் சுமந்து கிடக்கின்றன. வெயில் ஏற ஏற அந்தப் பூக்களின் கிராம்பு போன்ற மணம் எழுந்து ஈரத்துணியில் ஊறுகிறது. விரிப்பினூடே பாலாய்க் கசியும் வெளிச்சத்தில் ஒரு நிழல் வந்து குனிகிறது. அந்தத் தொப்பியை ஹெஸ்டருக்குத் தெரியும். தங்கை டோர்கஸ். அம்மா இந்த வீட்டை அக்காவுக்கே எழுதிவைத்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவள்.

கணவன் ஏமஸ் கதவருகே வந்து கிசுகிசுக்கிறான். "உன் தங்கச்சி செடிய ஒடிக்கிறாடீ!"

"சும்மா இருங்க. நான் பாக்கல, நீங்களும் பாக்கல."

"கேட்டா குடுக்க மாட்டியா?"

"கேட்டு வாங்கி, நன்றி சொல்லி நட்ட செடி நம்ம ஊர்ல என்னிக்குப் பிழைச்சிருக்கு? திருடினாத்தான் வேர் விடும். உள்ள போங்க."

கணுவிலிருந்து தளிர் கழலும் சத்தம் மெல்லக் கேட்கிறது. டக். ஒன்றே ஒன்று. நிழல் நிமிர்கிறது. நேராகவே தொங்கும் விரிப்பை ஹெஸ்டர் மறுபடி நேராக்குகிறாள். பிறகு கொடியிடம் சொல்வதுபோல் உரக்கச் சொல்கிறாள்: "ஒண்ணை மட்டும் நட்டா, பட்டுப்போனா என்ன பண்றதாம்?"

நிழல் அசையவில்லை. ஒரு தேனீ பூவுக்குள் நுழைந்து அடங்குகிறது. விரிப்பு காற்றில் உப்பித் தணிகிறது. டக். சற்றுப் பொறுத்து, இன்னொரு டக். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். ஏதோ சொல்ல வந்து தொண்டையைச் செருமும் சத்தம்.

ஹெஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நன்றின்னு மட்டும் சொல்லித் தொலைச்சிடாதேடி, டோர்கஸ்.